நாற்பது கோடு: மேல்மலையில் ஒரு பெட்டிக் குஞ்சுகளின் கணக்கு

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகிற பாதையில், பூம்பாறையை ஒட்டிய ஒரு மேல்மலை கிராமத்தில் நடந்தது இது. போன கார்த்திகையில் பக்கத்துத் தோட்டத்து அக்கா, கீழே சமவெளியில் உள்ள ஒரு பொரிப்பகத்தில் இருந்து சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தில் 100 குஞ்சுகளை பஸ் பார்சலில் வரவழைத்தார். நூற்றுக்கு இரண்டு கூடுதலாகப் போட்டு அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். அதனால் பெட்டியில் இருந்தவை 102. எட்டாம் நாள் காலையில் உயிரோடு இருந்தவை 62.

மலைக்கு வந்து பூண்டும் கேரட்டும் போடுவதற்கு முன் பதினோரு வருடம் நான் ஒரு பொரிப்பகத்தில் வேலை பார்த்தேன். குஞ்சு பிரித்துப் பெட்டி கட்டும் அறை. வாரத்துக்கு இரண்டு மூன்று போனாவது வரும். எல்லாம் ஒரே மாதிரி: "நோய்க் குஞ்சை அனுப்பிட்டீங்க, நாலாம் நாள் கொத்துக் கொத்தாச் சாகுது." பதில் சொல்லி வைத்துவிட்டு அடுத்த பெட்டியைக் கட்டப் போய்விடுவேன். இந்த முறை அந்த போன் எந்த வீட்டில் இருந்து போனதோ, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

செத்தவற்றை எண்ணியது நானல்ல. அக்காவின் சின்ன மகள், ஆறாம் வகுப்பு படிக்கிறவள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் செத்த குஞ்சுக்கு ஒரு கோடு என்று போட்டு வைத்திருந்தாள். கிழமையும் காலையா இரவா என்பதும் எழுதியிருந்தாள். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. "நிறைய செத்துப்போச்சு" என்பதைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் நினைவிருந்திருக்காது.

நோட்டில் இருந்தது இப்படி. புதன் சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது 7. அன்று இரவு 3. வியாழன் பகலும் இரவுமாக 4. வெள்ளிக்கிழமை பகலில் ஒன்றுமில்லை. அம்மாவும் மகளும் நிம்மதியாக இருந்தார்கள். வெள்ளி இரவு மட்டும் 14. சனி 5, ஞாயிறு 4. அடுத்த மூன்று நாளில் 3. அதோடு நின்றுவிட்டது.

நாற்பதும் ஒரே சாவு என்று நினைத்தால் ஒரு மருந்தைத் தேடித்தான் ஓடுவோம். அக்காவும் ஓடினார். பிரித்துப் பார்த்தால் நான்கு காரணங்கள். அதில் மூன்று, செத்த நாளன்று உண்டானவை அல்ல.

வந்த வழி

முட்டையை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன், மீதமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அடைக்கோழி எல்லா முட்டையையும் ஒரே மணிக்குப் பொரிப்பதில்லை. முதலில் வந்த குஞ்சு, கடைசி முட்டை பொரியும் வரை தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாயின் வயிற்றடியில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கான கட்டுச்சோறு அது. அதை நம்பித்தான் மனிதர்கள் ஒருநாள் குஞ்சுகளை பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் 1918இல் இருந்து தபாலிலேயே அனுப்புகிறார்கள். 72 மணி நேரம் தாங்கும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு.

அந்த 72இல் ஒரு சூது இருக்கிறது. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? பெட்டி கட்டும்போது அல்ல. குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்த நேரத்தில் இருந்து. பொரிக்கும் இயந்திரத்தின் ஒரே தட்டில் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையில் ஒரு நாள், ஒன்றரை நாள்கூட வித்தியாசம் இருக்கும். இயந்திரத்தைத் திறப்பது பெரும்பாலானவை பொரிந்து காய்ந்த பிறகுதான். ஆகவே "நேற்றுப் பொரித்தது" என்று நாங்கள் எழுதி அனுப்பும் பெட்டியில் அதற்கு முந்தின நாள் பொரிந்ததும் இருக்கும். வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

அக்காவின் குஞ்சுகள் திங்கள் இரவு இயந்திரத்தை விட்டு இறங்கின. செவ்வாய் மதியம் பெட்டிக்குள் போயின. அட்டைப்பெட்டி, உள்ளே நான்கு அறை, அறைக்கு 25 என்பது வழக்கமான அளவு. செவ்வாய் இரவு பஸ். விடிகாலை பழனி. அங்கே இருந்து கொடைக்கானல் ஏறும் பஸ் மலைப்பாதையில் மரம் விழுந்து மூன்று மணி நேரம் நின்றது. கார்த்திகை மழையில் இது புதிதல்ல. எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கொடைக்கானலில் பார்சலை எடுத்து, கிராமத்து பஸ் பிடித்து வீடு சேரும்போது புதன் மாலை ஆறு மணி. இயந்திரத்தை விட்டு இறங்கி 44 மணி நேரம் ஆகியிருந்தது. முதலில் பொரிந்தவற்றுக்கு 60, 70 மணி ஆகியிருக்கும்.

நேரம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பழனி ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குளிரும். அடிவாரம் வரை டிக்கிக்குள் காற்றில்லாமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கி உடம்பு நீரை இழந்த குஞ்சு, மேலே வந்ததும் 12 டிகிரி குறைந்த ஈரக்காற்றில் நடுங்குகிறது. 30 கிராம் உடம்பு. சிறகு இல்லை, வெறும் பஞ்சு. முதல் பத்துப் பதினைந்து நாள் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

செத்து வந்த ஏழில் ஐந்து ஒரே அறையில் கிடந்தன. பெட்டியின் அந்த மூலை நனைந்து அட்டை இளகியிருந்தது என்று சின்னவள் சொன்னாள். டிக்கி கதவுப் பக்கம் இருந்த மூலையாக இருக்க வேண்டும். இந்த ஏழுக்கும் அக்கா ஒன்றும் செய்திருக்க முடியாது. ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை, அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

பல்பு

பொரிப்பகத்துக்காரர் போனில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "ரூம்ல ரெண்டு பல்பு போட்டு விட்டுருங்கம்மா, அது போதும்." அக்கா போட்டார். ஒன்பது வாட் எல்இடி, இரண்டு. அறை பளிச்சென்று இருந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்கு நான் போனபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. சூடு போதுமான குஞ்சுகள் தங்களுக்குள் முணுமுணுப்பது போலச் சத்தம் போடும். குளிரில் கத்தும் சத்தம் வேறு. கூர்மையாக, விடாமல், காதைக் குத்தும். உள்ளே எல்லாம் ஒரு சுவரோரம் அண்டிக் கிடந்தன. ஒன்றை எடுத்து அதன் காலை என் கன்னத்தில் வைத்தேன். பெட்டி கட்டும் அறையில் நாங்கள் பார்க்கும் சோதனை அது. குஞ்சின் உடம்பு 40 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். கால் கன்னத்தில் சில்லென்று பட்டால் அது தீனி தேடிப் போகாது. அன்றைக்குக் கால் ஐஸாக இருந்தது.

"பல்பு போட்டுத்தான் தம்பி வச்சிருக்கேன்" என்றார் அக்கா.

தப்பு அக்காவுடையது இல்லை. "பல்பு" என்ற சொல் மாறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. போனில் பேசியவர் மனதில் இருந்தது குண்டு பல்பு. அது வாங்கும் கரண்டில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளியே விடும். வெளிச்சம் அதற்கு உபதொழில். எல்இடி அப்படி இல்லை. கோழி வளர்ப்புப் புத்தகங்களும் வாய்வழிப் பாடங்களும் இன்னும் "குஞ்சுக்கு ஒன்று இரண்டு வாட்" என்று எழுதிக்கொண்டிருக்கின்றன. எந்த பல்பில் அத்தனை வாட் என்று எழுதுவதில்லை. நூறு குஞ்சுக்கு 18 வாட் எல்இடி என்றால் அது வெறும் விளக்குத்தான்.

என் வீட்டில் 100 வாட் குண்டு பல்பு இரண்டு மிச்சம் இருந்தது. கொண்டுவந்து தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டோம். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தோள் உயரத்தில் 21 காட்டியது தரையில் 16 காட்டியது. சிமெண்ட் தரை, மேலே விரல் மொத்தத்துக்கு மரத்தூள். முதல் வாரம் குஞ்சுக்கு வேண்டியது 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். ஒரு மணி நேரத்தில் பல்புக்கு நேர்கீழே 33 வந்தது. குஞ்சுகள் சுவரை விட்டுப் பிரிந்து வந்தன. கத்தல் அடங்கியது.

தண்ணீரையும் பார்த்தேன். எவர்சில்வர் தட்டில் குழாய்த் தண்ணீர். மேல்மலையில் கார்த்திகை மாதக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 30 கிராம் குஞ்சு அதை இரண்டு வாய் குடித்தாலே உள்ளே இருந்து குளிர்ந்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில், லிட்டருக்கு ஒரு கைப்பிடி நாட்டுச் சர்க்கரை கரைத்து வைத்தோம். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கு நுனியை நனைத்து விட்டோம். சின்னவள் அறுபதுக்கு மேல் தானே செய்தாள். இந்தச் சர்க்கரைத் தண்ணீர் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும்தான். நாள் முழுக்க வைத்தால் எச்சம் இளகிப் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

தீனி, உயரமான விளிம்பு வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. பெரிய கோழிக்கானது. முட்டை அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உடைத்த மக்காச்சோளத்தையும் ஸ்டார்டர் தீவனத்தையும் தூவினோம். மரத்தூளின் மேல் சாக்கு விரிக்கச் சொன்னேன். "சாக்கு நனைஞ்சு கிடக்கு, நாளைக்குக் காயட்டும்" என்றார் அக்கா. சரி என்றேன். இது பின்னால் வரும்.

இன்னொன்றையும் சரி என்றேன். அறையின் மூலையில், இரண்டு பக்கம் சுவரும் இரண்டு பக்கம் பலகையுமாகச் சதுரமாக அடைத்திருந்தார்கள். குஞ்சு வளர்க்கும் இடத்துக்கு மூலை இருக்கக் கூடாது. தகரமோ அட்டையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாகக் கட்ட வேண்டும். பார்த்தவுடன் கண்ணில் பட்டது. "நாளைக்கு வந்து வட்டமாத் தகரம் கட்டிரலாம்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பூண்டு லோடு இருந்தது. போகவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு

இரவு 11 மணி வாக்கில் கரண்ட் போயிருக்கிறது. எங்களுக்கு அது செய்தியே இல்லை. காற்றடித்தால் போகும், விடிந்தால் வரும். அக்கா தூங்கிவிட்டார். சனி காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவர் மூலையில் குஞ்சுகள் ஒரு குவியலாக இருந்தன. மேலே இருந்தவை உயிரோடு. கீழே 14.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பார்கள். தாய் மிதித்தால் ஆகாது. குளிரில் தொண்ணூறு குஞ்சு ஒரே மூலைக்குள் முண்டினால் அடியில் இருப்பதற்கு மூச்சுவிட இடம் இருக்காது. வட்டமாக இருந்தால் முண்டுகிற கூட்டம் வளைந்து நழுவிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நெரியாது. ஒரு தகரத்துக்கும் நாலு குச்சிக்கும் உள்ள வேலை.

அந்தப் பதினான்கில் நான்கை அறுத்துப் பார்த்தேன். உள்ளே நோயின் அடையாளம் ஒன்றும் இல்லை. நுரையீரல் மட்டும் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. நான்கிலும் கழுத்தடித் தீனிப்பை நிறைந்திருந்தது. அதைப் பார்த்தபோது அந்த மக்காச்சோளத்தின் மேல் எனக்கு எரிச்சலே வந்தது. அதாவது, செத்தவை நன்றாகத் தின்று தேறிக்கொண்டிருந்த குஞ்சுகள். முதலில் ஓடி மூலையைப் பிடிக்கத் தெம்பு இருந்தவை. நோஞ்சான்கள் பின்னால் வந்து மேலே ஏறிப் பிழைத்துக்கொண்டன.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று பிறகு ஒரு ஏற்பாடு வைத்தோம். ஐந்து லிட்டர் கேன் நான்கில் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, சாக்கைச் சுற்றி, வட்டத்துக்குள் இடைவெளி விட்டு வைப்பது. இந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குஞ்சுக்கு அது தாராளம். மூன்று மணி நேரம் தாங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் கரியடுப்பு வைக்கச் சொன்னார். நான் விடவில்லை. மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும். குளிர்காலத்தில் மலையில் அந்தச் செய்தி கேட்காதவர் யார்?

அறுத்துப் பார்த்தது

சனி, ஞாயிறு சாவுதான் எல்லோரையும் குழப்பியது. சூடு சரி. சாக்கு காய்ந்து விரித்தாகிவிட்டது. சனிக்கிழமை காலையே வட்டத் தகரமும் கட்டியாயிற்று. பிறகும் சாகிறது. பின்பக்கம் வெள்ளையாக எச்சம் ஒட்டியிருந்ததைப் பார்த்த ஒருவர் "வெள்ளைக்கழிச்சல்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தெருவில் பாதி வீட்டில் கோழி இருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் அப்படி ஐந்தாம் நாள் குஞ்சில் ஒன்றிரண்டாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆளில்லை. (ராணிக்கெட்டும் ஒரு மலையூர்தான், உத்தராகண்டில் குமாவோன் பக்கம், பாவம், ஒரு ஊருக்கு இப்படியா பெயர் விளங்க வேண்டும்.) வெள்ளையாக எச்சம் ஒட்டுவதற்குக் குளிரும், பயணக் களைப்பும், நீர் வற்றிய உடம்புமே போதும். வெந்நீரில் பஞ்சை நனைத்து இளக்கி எடுத்துவிட வேண்டும். உரித்தால் தோலோடு வரும். பதினொரு குஞ்சுக்கு அப்படித் துடைத்துவிட்டோம்.

சனி, ஞாயிறில் செத்த ஒன்பதில் ஆறை அறுத்தேன். ஆறும் ஒரே கதை. தீனிப்பை காலி. வயிற்றில் மஞ்சள் கரு ஏறக்குறையக் கரைந்து போயிருந்தது. பித்தப்பை கரும்பச்சையாக வீங்கியிருந்தது. சாப்பிடாத உடம்பில் பித்தம் செலவாகாமல் தேங்கிவிடும். கல் அரைக்கும் இரைப்பையைக் கீறினால் உள்ளே மரத்தூள். புதன் இரவு முழுக்க நடுங்கிக்கொண்டு தட்டுப் பக்கமே போகாதவை இவை. மறுநாள் சூடு வந்தபோது காலடியில் கிடந்த மரத்தூளைக் கொத்தி அதுதான் தீனி என்று பழகிவிட்டன. கட்டுச்சோறு இருந்தவரை ஓடியாடின. வெள்ளிக்கிழமை பகலில் ஒன்றும் சாகாமல் இருந்ததும் அந்தக் கட்டுச்சோற்றால்தான். தீர்ந்ததும் விழுந்தன. எல்இடி வெளிச்சத்தில் கழிந்த அந்த முதல் இரவு, ஐந்தாம் நாள் கடனை வசூலித்தது.

பொரிப்பகத்துக்கு நாலாம் நாள் ஏன் போன் வருகிறது என்பது, அத்தனை வருடம் போனை எடுத்தவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது.

இதைக் கண்டுபிடிக்க அறுக்கக்கூட வேண்டாம். குஞ்சு வந்து எட்டு மணி நேரம் கழித்து, தூங்கப் போகும் முன், பத்துப் பன்னிரண்டைக் கையில் எடுத்துக் கழுத்தடியைத் தடவிப் பார்த்தால் போதும். ஊறவைத்த பயறு போல மெத்தென்று உருண்டையாக இருந்தால் தீனியும் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. கெட்டியாக இருந்தால் தீனி மட்டும். தட்டையாக இருந்தால் அதைத் தனியாக எடுத்து, தட்டின் மேல் விரலால் தட்டித் தட்டிக் காட்ட வேண்டும். தாய்க்கோழி செய்வதும் அதுதான். வியாழன் அன்று நான் அதைச் செய்யவில்லை. கத்தல் அடங்கியதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி மூன்றும் வேறு. வயிறு உப்பி, தொப்புள் மூடாமல் ஈரமாக, திறந்தால் மஞ்சள் கரு கரையாமல் பழுப்பாக நாறியது. தொப்புள் வழியே கிருமி ஏறியது. இது பொரிப்பகத்துச் சுத்தத்தில் இருந்து வரலாம், ஈரப்பெட்டியில் இருந்தும் வரலாம். அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் போனிலேயே கேட்டுவிட்டு, தொப்புள் ஈரமாக இருக்கும் மற்றவற்றைப் பிரித்து அயோடின் தொடச் சொன்னார். இரண்டு இருந்தன, பிழைத்தன.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் ஒருவர் பழைய ஆன்டிபயாடிக் பொட்டலம் ஒன்றை அக்காவிடம் தள்ளிவிட்டிருந்தார். பெயரைப் பார்த்தால் கோலிஸ்டின். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடை செய்தது அது. பட்டினியில் சாகிற குஞ்சுக்கு அது எதற்கு? பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்; பணம் வரவில்லை.

உயரம்தான் காரணமோ என்றும் அக்கா கேட்டார். இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேகமாகச் சதை பிடிக்கும் பிராய்லருக்கு அதனால் இதயம் திணறி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அது வளரும்போது வருகிற வம்பு, முதல் வாரத்தில் அல்ல. சிறுவிடை போன்ற மெதுவாக வளரும் சின்ன உடம்புக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. கோழித் தேர்வில் அக்கா சரியாகத்தான் இருந்தார்.

போன்

ஞாயிறு மாலை பொரிப்பகத்துக்கு போன் போட்டோம். அக்கா கோபத்தில் இருந்தார். நாற்பது குஞ்சுக்கும் பணம் கேட்கச் சொன்னார். குஞ்சு 45 ரூபாய்; சின்னத் தொகை இல்லை. நான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏழுக்கு மட்டும் கேட்கலாம், நனைந்த பெட்டியைச் சொல்லலாம் என்றேன். "நீ அவங்க பக்கமா, எங்க பக்கமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மறுமுனையில் இருந்தவர் நான் முன்பு சொன்ன அதே வசனத்தைச் சொன்னார்: வண்டியில் ஏற்றும்வரைதான் எங்கள் பொறுப்பு. நோட்டில் இருந்ததைக் கிழமை வாரியாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், அடுத்த முறை வாங்கும்போது ஏழைச் சேர்த்துப் போடுகிறேன் என்றார். போட்டோ இருந்திருந்தால் அன்றைக்கே பணமாகக் கேட்டிருக்கலாம். நானும் ஒன்று கேட்டேன்: இனி வாங்குகிறவர்களிடம் "பல்பு" என்று மட்டும் சொல்லாமல் "சூடு கொடுக்கும் குண்டு பல்பு" என்று சொல்லுங்கள். சிரித்தார். சொல்கிறாரா தெரியாது.

பாட்டியின் கோழி

அக்காவின் மாமியார் இந்த ஏற்பாட்டையே முதலில் இருந்து முறைத்துக்கொண்டுதான் இருந்தார். "தாயில்லாத குஞ்சை எவன் நூறா வாங்குவான்? பஞ்சாரத்துக்குள்ள பத்துக் குஞ்சு, ஒரு கோழி, அதுதான் கணக்கு." சனிக்கிழமை சாயங்காலம் அவரே போய், தெருக்கோடியில் அடையில் உட்கார்ந்திருந்த ஒரு கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். இரவில், விளக்கில்லாமல், எட்டு நோஞ்சான்களை ஒவ்வொன்றாக அதன் வயிற்றடியில் தள்ளினார். விடிந்தால் கோழி தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு நாள் குஞ்சாக இருந்தால் சுலபம். இவற்றுக்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. எனக்கு நம்பிக்கை இல்லை. வெளிக்கோழியில் பேன் இருக்கும், வேறு நோய் இருக்கும், பொரிப்பகத்துக் குஞ்சோடு சேர்க்கக் கூடாது என்பதும் நான் படித்த பாடம். தனி அறையில் வைப்பது என்று சமாதானம் ஆனது.

எட்டில் ஆறு பிழைத்தன. அந்தக் கோழி தரையைக் கீறிக் கொக்கரித்துத் தீனியைக் காட்டியதும் இரண்டே நாளில் மரத்தூளை மறந்துவிட்டன. மற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கோடுகளில் இருக்கின்றன.

சின்னவளைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை. முதல் நாள் பத்துப் பதினைந்துக்குப் பெயர் வைத்திருந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு பெயர் சொல்வதை நிறுத்திவிட்டாள். கோடு போடுவதை நிறுத்தவில்லை. பதினான்கையும் தோட்டத்து மூலையில் புதைக்கும்போது கேட்டாள்: "மாமா, இதுங்கள நாமதான் கொன்னோமா?" குழியை இரண்டடி ஆழமாகத் தோண்டி மேலே சுண்ணாம்பு போட வேண்டும், இல்லாவிட்டால் நாயும் காட்டுப்பன்றியும் கிளறும் என்று அதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, மூலையை நான் பார்த்தும் விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினாள். சாயங்காலம் நோட்டில் வெள்ளி இரவுக்குப் பக்கத்தில் "மூலை" என்று எழுதி வைத்திருந்தாள்.

பிள்ளைகளிடம் "சாமிகிட்ட போயிருச்சு" என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். இவளிடம் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குஞ்சும் ஏன் செத்தது என்று அறுத்துப் பார்த்துச் சொன்னபோதுதான் அவள் அழுவது குறைந்தது. அம்மாவுக்கும் அப்படியே என்று நினைக்கிறேன். தனக்கு ராசியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர், பித்தப்பையைப் பார்த்த பிறகு பல்பைத் திட்ட ஆரம்பித்தார்.

மாசியில் வந்த பெட்டி

62 குஞ்சில் ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, பதினான்காம் நாள் கம்போரோ என்ற குஞ்சு நோய்க்கான தடுப்பு மருந்து எல்லாம் முறைப்படி போட்டோம். எலியும் ஒரு கீரிப்பிள்ளையுமாக ஐந்தைக் கொண்டுபோயின. எட்டு வாரத்தில் 57.

மாசியில் அக்கா மறுபடி ஒரு பெட்டி வாங்கினார், இந்த முறை 50. ஒன்றைக் கூடுதலாகவும், பழைய ஏழையும் சேர்த்து 58 வந்தன. முந்தின நாள் மதியமே வட்டத் தகரம், மூன்று அங்குலத்துக்கு நெல் உமி, அதன் மேல் காய்ந்த சாக்கு. இரண்டு குண்டு பல்பு, மாற்றுக்கு ஒன்று. குஞ்சு வருவதற்கு ஆறு மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுத் தரையைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். பழனிக்குப் பார்சல் வந்ததும் அக்காவின் கணவர் நேரில் போய்ப் பெட்டியை மடியில் வைத்து ஏறினார், டிக்கியில் போடவில்லை. முதல் இரவு ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் கழுத்தடி பார்த்தார்கள். முதல் வாரத்தில் செத்தவை இரண்டு, இரண்டும் பெட்டியிலேயே.

மாசி வெயில் மாதம். மழை இல்லை, மரம் விழவில்லை, கரண்டும் ஒரே ஒரு முறைதான் போனது. ஆகவே இந்த வித்தியாசம் முழுக்க எங்கள் சாமர்த்தியம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். கார்த்திகையில் மறுபடி ஒரு பெட்டி வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். அக்கா வாங்க மாட்டேன் என்கிறார். வைகாசிக்குப் பிறகு நாமே அடை வைக்கலாம் என்பது மாமியாரின் யோசனை.

பெட்டியைப் பிரித்தது சின்னவள்தான். முதலில் போனை எடுத்து நான்கு அறையையும் போட்டோ எடுத்தாள். அப்புறம் ஒரு குஞ்சை எடுத்து அதன் காலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "மாமா, இது கொஞ்சம் சில்லுனு இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அதை பல்புக்குக் கீழே கொண்டுபோய் விட்டாள்.